சுழிப்பிழை

கம்பெனியை விட்டு வெளியே வந்தபோது கையில்
ஒரு டூல்கிட், ஒரு மல்டிமீட்டர்,
இரண்டு கிலோ என்று சான்றிதழ் பெற்ற பித்தளை எடை ஒன்று.
இப்போது சத்துவாச்சாரி மாடியறையில்
நானே முதலாளி, நானே எடுபிடி.
குடியாத்தத்தில் ஈசிஜி, ஆரணியில் இன்ஃப்யூஷன் பம்ப்,
திருவலத்தில் பச்சைக் குழந்தையை நிறுக்கும் தராசு,
எது மக்கர் பண்ணினாலும் என் போன் அடிக்கும்.
பில் பாக்கிக்கு மட்டும் நான்தான் அடிக்கணும்.

ஜூலை. இன்னும் பன்னிரண்டு நாள்.
ஜவுளிக்கடைப் பையில் ஒரு வருடத்து ரசீதுகள்.
மை பறந்து பாதி வெறும் தாள்;
வேலூர் வெயிலுக்குப் பெட்ரோல் பில் ஒரு மாதம் தாங்காது.

எந்தக் கருவியையும் திரையைப் பார்த்து நான் நம்புவதில்லை.
காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா?
பாடப்புத்தகம் இதைச் சுழிப்பிழை என்னும்.
பிறகு, எனக்குத் தெரிந்த எடையை வைத்தால்
எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறதா?
அவ்வளவுதான்.

கணக்கு மென்பொருளுக்கும் ஒரு பித்தளை எடை வேண்டுமே.
பைக்குள் கைவிட்டுத் தேடினேன்:
ஆரணி நர்சிங் ஹோம், பில் நாற்பதாயிரம்,
டிடிஎஸ் நாலாயிரம் பிடித்து
வங்கிக்கு வந்தது முப்பத்தாறு.
என் வருமானம் எவ்வளவு?

முதல் ஆப் பலூன் பறக்கவிட்டு
முப்பத்தாறு என்றது. அழித்தேன்.
இரண்டாவது, என்ன தொழில் என்று கேட்டது.
பட்டியலில் சலூன் இருந்தது, பேக்கரி இருந்தது,
நாய்க்கு முடிவெட்டுவதுகூட இருந்தது.
நான் 'மற்றவை'.
மூன்றாவதுக்கு அலங்காரம் கிடையாது.
முப்பத்தாறை வாங்கிக்கொண்டு
மீதி நாலு எங்கே என்று சிவப்பில் நின்றது,
வட்டிக்காரர் வாசலில் நிற்கிற மாதிரி.
மாதம் முந்நூற்றைம்பது. சரி, இரு.

ஆபீசர்ஸ் லைனில் ஆடிட்டர் முனிரத்தினம்.
உள்ளே ஏசி, வெளியே தோல் கம்பெனி ஆட்கள் ஏழு பேர்.
கேள்வியை முடிக்க விடவில்லை.
"பையக் குடுத்துட்டுப் போங்க தம்பி, பாத்துக்கலாம்."
போன வருஷமும் அப்படித்தான் கொடுத்தேன்.
என்ன பார்த்தார் என்று இன்றுவரை தெரியாது.
கெட்டவர் இல்லை.
லாரி நிறுக்கும் மேடையில்
பச்சைக் குழந்தையின் எடை தெரியாது, அவ்வளவுதான்.

காட்பாடி காந்தி நகரில், மருந்துக்கடைக்கு மேலே,
பெயின்ட் வாசனை போகாத போர்டு: சுகிர்தா ஏழுமலை.
அதே எடையை வைத்தேன்.
தாளைத் தன் பக்கம் திருப்பினார்.
"நாற்பது. ஆனா அந்த நாலாயிரம்
இருபத்தாறு ஏஎஸ்ல ஏறியிருக்கான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.
ஏறவுமில்லை.
பிடித்தவர்கள் கட்டவேயில்லை.
பாலாறு மாதிரி பெயரில் மட்டும்
ஓடிக்கொண்டிருந்தது என் நாலாயிரம்.

ஆக, என் பித்தளையிலேயே குறை.
அதை நான் ஜீரணிக்குமுன்
சாதாரணமாகக் கேட்டார்,
"கையில ரொக்கமா வாங்கினது?"

ஃபேன் சத்தம்.
கீழே யாரோ சில்லறை எண்ணும் சத்தம்.
"பெருசா ஒண்ணும் இல்ல மேடம்"
என்று காட்டியது என் வாய்.
நான் ஒரு கருவியாக இருந்திருந்தால்
அந்த இடத்திலேயே என்னைத் திறந்து பார்த்திருப்பேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பென்சிலால் ஒரு சின்ன பூஜ்யம் போட்டு
அதன்மேல் முனையை வைத்தபடி இருந்தார்.
காலித் தட்டு.

திருவலம், மூவாயிரம்.
கண்ணமங்கலம் டாக்டர், ஒவ்வொரு தடவையும் கவரில்.
ஒடுகத்தூர், ஒடுகத்தூர், மறுபடி ஒடுகத்தூர்.
எழுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு என்றது யாரோ.
நான்தான்.
பூஜ்யத்தை அழித்தார். ரப்பர் துகளை ஊதினார்.
"ஃபீஸ் ஆறாயிரம். பில் தருவேன்."

வண்டி மெக்கானிக்கிடம் இருந்ததால் திரும்புவது பஸ்ஸில்.
மை பறக்குமுன் டிக்கெட்டை ஏற்றினேன்.
தொழில் செலவா, சொந்தச் செலவா என்று
சிவப்பில் நின்றது.
பாலம் முடியும்வரை யோசித்தேன்.